இரவல் நிலத்தில் வேலி

கணினித் துறையில் இன்று வழங்கும் சொற்களுள் ‘முகில்’ என்பதைப்போல் மக்களை மயக்கியது பிறிதொன்றில்லை. ஆங்கிலத்தில் ‘கிளவுடு’ என்றார்கள். இங்குள்ளோர் மேகம் என்றும் முகில் என்றும் பெயர்த்துக் கொண்டார்கள். அதனால், அது வானில் மிதப்பது, ஒருவர்க்கென உரிமைப்படாதது, வேண்டுவார்க்கெல்லாம் பொழிவது என்னும் எண்ணம் கற்றவரிடத்தும் வேரூன்றிவிட்டது. உண்மை அதுவன்று. முகில் என்பது மண்ணில் நிற்கும் கட்டடம். அமெரிக்காவின் வட வர்சீனியாவிலும், அயர்லாந்திலும், மும்பையிலும், ஏன், சென்னையிலுங்கூட அத்தகைய கட்டடங்கள் உள்ளன. அவற்றுள் பொறிகள் வரிசை வரிசையாய் அடுக்கப்பட்டு, இரவும் பகலும் மின்னும் குளிர்காற்றும் ஊட்டப்பெற்று இயங்குகின்றன. உடையவர் ஒருவர், அவர் அமேசானாகவோ மைக்ரோசாப்ட்டாகவோ கூகுளாகவோ இருப்பார். குடியிருப்போர் பல்லாயிரவர்.

அக்குடியிருப்பில் ஒருவர் தமக்கென வகுத்துக் கொள்ளும் பகுதிக்குத்தான் ‘மெய்ந்நிகர்த் தனிப்பிணையம்’ என்று பெயர். அமேசானும் கூகுளும் வி.பி.சி. எனச் சுருக்கி வழங்குவது இதனையே. மைக்ரோசாப்ட்டு வேறு பெயரிட்டிருப்பினும் பொருள் ஒன்றே. இங்கும் பெயர் மயக்குகின்றது. ‘தனி’ என்னும் சொல்லைக் கண்ட அளவிலேயே, தம் பொறிகளைச் சுற்றி எவரோ மதில் எழுப்பித் தந்துவிட்டனர் என்று நம்பிக் கையெழுத்திடும் அலுவலர் எத்துணையோ பேர்! மதில் எவரும் எழுப்புவதில்லை. நிலமும் கோலும் கயிறுமே தரப்படுகின்றன. வேலியை எங்கே இடுவது, வாயிலை எத்துணை அகலம் திறப்பது, எவரை உள்ளே விடுவது என்பனவெல்லாம் குடியிருப்போர் எழுதும் நெறிகளைப் பொறுத்தவை. எழுதாவிடின் வேலி இல்லை. தவறாக எழுதினால் வேலி இருந்தும் இல்லை. அவ்வேலிக்குள் வைக்கப்படுவனவோ, மருத்துவமனையின் நோயாளர் ஏடு, கூட்டுறவு வங்கியின் கணக்கு, பல்கலைக் கழகத்தின் மதிப்பெண் பட்டியல், நூலகத்தின் மின்படிகள் ஆகியன. எளிய மக்களின் உடலும் பொருளும் உழைப்பும் பற்றிய செய்திகள் அவை.

2006ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அமேசான் தன் கணினிகளை மணிக்கணக்கில் குடிக்கூலிக்கு விடத் தொடங்கியபொழுது, தனிப்பிணையம் என்று ஒன்று இல்லவேயில்லை. குடிவந்தோர் அனைவரும் ஒரே பெரும் பிணையத்தில் கலந்திருந்தனர். ஒருவரை ஒருவரிடமிருந்து பிரித்தது காப்புக்குழு என்னும் வடிகட்டி ஒன்றே. தம் கணினிகளின் முகவரிகளைத் தாமே வகுத்துக் கொள்ளும் உரிமையும் எவர்க்கும் இல்லை. நிலத்தைக் கூறிட்டு வேலி வளைத்துக் கொள்ளும் வாய்ப்பு 2009 ஆகத்தில்தான் வந்தது. 2013 திசம்பர் தொடங்கிப் புதுக்குடிகள் அனைவர்க்கும் தனிப்பிணையமே முறை என்றாயிற்று. பழைய பொதுவெளியில் தங்கியிருந்தோரை முற்றாகப் பெயர்த்து அதனை மூடி முடிக்க 2023 ஆகத்து வரை சென்றது. வேலியில்லாத் தெருவில் ஒருமுறை குடியேறியவரை எழுப்புவது எத்துணைக் கடினம் என்பதை இப்பதினேழு ஆண்டுகளே காட்டும்.

இரு குடிகளுக்கு இடையே உள்ள பிரிவினை எவ்வாறு நிகழ்கின்றது? இருவர் செய்திகளும் ஒரே கம்பியில்தான் ஓடுகின்றன. ஒரே பொறியின் வயிற்றில் இருவர் கணினிகளும் அருகருகே இயங்கலாம். ஆயின், செய்தித் துணுக்கு ஒவ்வொன்றும் வேறோர் உறையில் இடப்பட்டு, இஃது இன்ன குடிக்குரியது என்னும் அடையாளம் அவ்வுறைமேல் பொறிக்கப்படுகின்றது. சேருமிடத்தில் அடையாளம் பொருந்தினால் உறை பிரிக்கப்படும். பொருந்தாவிடின் துணுக்கு வீசியெறியப்படும். ஓர் அஞ்சற்பையில் ஆயிரம் வீட்டு மடல்கள் ஒன்றாய்ச் செல்வதைப் போன்றது இது. ஆகலின், இரு குடிகள் ஒரே முகவரி எண்ணை வைத்துக் கொண்டிருப்பினும் குழப்பம் நேர்வதில்லை. இவ்வுறையிடும் வேலை நிலக்கிழாராகிய முகில் நிறுவனத்தினுடையது. அதனை அவர் செவ்வனே செய்து வருகின்றார் என்பதை ஒப்பத்தான் வேண்டும். இதுகாறும் வெளிப்பட்ட பெருங்களவுகள் பெரும்பாலும் உறை கிழிந்ததால் நேர்ந்தவையல்ல. குடியிருந்தவர் தம் வாயிலைத் தாமே திறந்து வைத்ததால் நேர்ந்தவை.

தனிப்பிணையம் அமைப்போர்க்கு முதல் வேலை எண்களைப் பங்கிடுவது. உள்வீட்டுப் பயனுக்கென்றே மூன்று எண்தொகுதிகள், 1996 பிப்பிரவரியில் வெளியான ஆர்.எப்.சி. 1918 என்னும் ஆவணத்தில் ஒதுக்கப்பட்டுள்ளன. 10 என்று தொடங்கும் தொகுதியில் 1,67,77,216 முகவரிகள்; 172.16 தொடங்கி 172.31 முடியவுள்ள தொகுதியில் 10,48,576, 192.168 என்று தொடங்குவதில் 65,536. இவ்வெண்கள் பொது இணையத்தில் செல்லுபடியாகா. ஆகையால் உலகில் எவரும் எவரையும் கேளாமல் இவற்றை எடுத்தாளலாம். எவரும் எடுத்தாளலாம் என்பதே இடையூறும் ஆகின்றது.

கூட்டுறவு வங்கி ஒன்றைக் கருதிப் பார்க்க. தலைமையகத்தில் ஒருவர் 10.0 என்று தொடங்கும் 65,536 முகவரிகளையும் எடுத்துப் பிணையம் அமைக்கின்றார். ஏனெனில், கையேட்டின் முதற்பக்க எடுத்துக்காட்டில் அவ்வெண்தான் உள்ளது. அடுத்த ஊர்க் கிளையில் இன்னொருவர் அதே கையேட்டைப் படித்து அதே எண்ணை எடுக்கின்றார். இரண்டும் தனித்தனியே நன்றாய் ஓடும். மூன்றாம் ஆண்டில் இரண்டையும் இணைக்குமாறு மேலிடத்தின் ஆணை வரும். அன்று வெளிப்படும் பிழை! ஒரே தெருவில் ஒரே கதவெண் உடைய இரண்டு வீடுகள் இருந்தால் அஞ்சற்காரர் மடலை எங்குக் கொடுப்பார்? எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாயின் இரு பிணையங்களை நேரிணைப்பில் சேர்க்க முகில் நிறுவனங்கள் இடந்தருவதில்லை. அமேசானில் பிணையத்தைத் தோற்றுவிக்கும்பொழுது தந்த முதல் எண்தொகுதியைப் பின்னர் மாற்றவும் இயலாது. வேறு தொகுதிகளைக் கூடுதலாய்ச் சேர்க்கலாம், அவ்வளவே. எனவே, முகவரியை இடைவழியில் மாற்றித்தரும் ஒட்டுவேலைகளில் இறங்கவேண்டும். அன்றேல், புதுப்பிணையம் கட்டி வழங்கிகளை ஒவ்வொன்றாய்ப் பெயர்த்துச் செல்லவேண்டும். ஒரு தாளை எடுத்து அரைநாள் அமர்ந்து, எந்த ஊர்க்கு எந்த எண் என்று எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை, திங்கள் கணக்கில் இழுக்கும்.

சிறுகச் சிறுகப் பகுப்பதிலும் கணக்கு உண்டு. அமேசான் ஒரு தொகுதிக்கு இசையும் பேரளவு 65,536 முகவரி, சிற்றளவு 16. அதனைத் துணைப்பிணையங்களாகக் கூறிடும்பொழுது, ஒவ்வொரு கூற்றிலும் ஐந்து எண்களை நிறுவனமே தனக்கென வைத்துக் கொள்ளும். 16 எண் கொண்ட கூற்றில் குடிக்குக் கிடைப்பது 11 தான். மைக்ரோசாப்ட்டும் ஐந்து எடுக்கும். கூகுள் நான்கு எடுக்கும். அமேசானில் பிணையம் ஒரு வட்டாரத்துக்குள் அடங்குவது. துணைப்பிணையமோ அவ்வட்டாரத்தின் ஒரு கட்டடத் தொகுதிக்குள் நிற்பது. கூகுளில் ஒரே பிணையம் உலகெங்கும் விரியும். துணைப்பிணையம் வட்டாரத்தளவு நிற்கும். ஒன்றைக் கற்றவர் மற்றொன்றையும் அறிந்ததாய் எண்ணி இறங்குவது இடறி விழுதற்கு வழி.

இனி, வாயில்கள். துணைப்பிணையம் ‘பொது’ என்றும் ‘தனி’ என்றும் இருவகைப்படும் எனக் கையேடுகள் கூறும். அமேசானின் அமைப்பில் அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு வரி என்பதைப் பலர் அறியார். வழிப்பட்டியலில் ‘பிற இடங்கள் யாவற்றுக்கும் இணைய வாயில் வழியே செல்க’ என்று ஒரு வரி இருந்தால் அது பொது. அவ்வரி இல்லையெனில் அது தனி. தரவுக்கிடங்கு அமர்ந்திருக்கும் துணைப்பிணையத்தின் பட்டியலில், எவரோ ஒருவர் ஓர் இரவில் ஏதோ ஒரு பழுதைச் சரிசெய்யும் பொருட்டு அவ்வரியைச் சேர்த்து, உள்ளிருக்கும் கணினிக்குப் பொது முகவரி ஒன்றும் தந்து, காப்பு நெறியையும் தளர்த்திவிட்டால், அன்றுவரை தனியாயிருந்தது மறுநொடியே தெருவுக்கு வந்துவிடும். மணியும் அடிக்காது, விளக்கும் எரியாது.

வழிப்பட்டியலைத் தாண்டி வருவோரைத் தடுக்கக் காவல்கள் இரண்டு. துணைப்பிணையத்தின் எல்லையில் நிற்பது ஒன்று. ஒவ்வொரு கணினியின் வாயிலில் நிற்பது மற்றொன்று. எல்லைக் காவலுக்கு நினைவாற்றல் இல்லை. போனவரே திரும்பி வந்தாலும் மீண்டும் நெறியைப் பார்த்தே விடும். ஆகலின் போக்குக்கும் வரவுக்கும் தனித்தனி நெறி எழுதவேண்டும். வாயிற்காவலாகிய காப்புக்குழு நினைவுடையது. உள்ளே விட்டவர்க்குரிய விடையைத் தானே வெளியே விடும்; ஆனால் ‘இன்னாரை விடாதே’ என்று அதற்குச் சொல்ல இயலாது, ‘இன்னாரை விடு’ என்று மட்டுமே சொல்லலாம். இவ்வேறுபாட்டை உணராமல் இரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதுவோர், ஏதோ ஒன்று ஓடவில்லை என்று கண்டதும் செய்வது என்ன? 0.0.0.0 என்று எழுதி அருகே ஒரு சாய்கோடும் சுழியும் இடுகின்றனர். ‘உலகிலுள்ள எல்லார்க்கும்’ என்பது அதன் பொருள். தொலைவிலிருந்து கணினியை ஆளும் 22ஆம் கதவும் 3389ஆம் கதவும் இவ்வாறே திறந்து விடப்படுகின்றன. கேட்டால், ‘இப்போதைக்கு’ என்பர். இத்துறையில் ‘இப்போதைக்கு’ என்ற சொல்லின் ஆயுள் பெரும்பாலும் அப்பணியாளரின் பணிக்காலத்தினும் நீண்டது.

வேலி, வாயில், வழி, காவல், திறவுகோல் என்று இத்துறை முழுமையும் ஊரமைப்புச் சொற்களால் விளங்கிக் கொள்ளத்தக்கது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. சிற்றூரில் வயலும் வரப்பும் வாய்க்காலும் அறிந்த உழவர்க்கு இதனை அரைமணி நேரத்தில் புரியவைத்துவிடலாம். ஆங்கிலச் சுருக்கெழுத்துகளை அடுக்கிய ஐம்பது பக்க முன்மொழிவைப் பார்த்து, புரியாமலே தலையசைத்துப் பணம் ஒப்பளிக்கும் குழுவினர்க்குத்தான் புரியவைக்க இயலவில்லை. வினவத் தெரியாதவர் கையெழுத்திட்ட பிணையத்தில் எக்கதவு திறந்திருந்தாலும் வினவுவார் இலர்.

எழுதியவை யாவும் சரியாய் இருந்தும் ஒரு முனையில் நேர்ந்த பிழை என்ன செய்யும் என்பதை 2019ஆம் ஆண்டில் அமெரிக்கா கண்டது. கேப்பிட்டல் ஒன் என்பது அந்நாட்டின் பெருவங்கிகளுள் ஒன்று. அமேசானின் முகிலுக்குத் தன் கணினிப் பணிகளைப் பெயர்ப்பதைப் பெருமையாய்ப் பேசி வந்த வங்கி அது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஒருவர் உள்நுழைந்து செய்திகளைப் படியெடுத்தார். வங்கி அதனை அறிந்தது சூலையில். அதுவும், வெளியாள் ஒருவர் எழுதிய மின்னஞ்சலால். அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரும் கனடாவில் ஏறத்தாழ 60 இலக்கம் பேரும் தொடர்பான செய்திகள் அவை. பெரும்பாலார் கடனட்டை வேண்டி விண்ணப்பித்த எளிய மக்கள். ஏறத்தாழ 1,40,000 பேரின் குமுகக் காப்பு எண்களும், 80,000 வங்கிக் கணக்கு எண்களும் அவற்றுள் அடக்கம்.

களவு நிகழ்ந்த முறை கருதத்தக்கது. வங்கி தன் வலைத்தளத்தின்முன் காவற்பொறி ஒன்றை நிறுத்தியிருந்தது. அது பிழைபட அமைக்கப்பட்டிருந்தமையால், வந்தவரைத் தடுக்கவேண்டிய காவலன், வந்தவர்க்காக உள்ளே சென்று கேட்டு வரும் ஏவலன் ஆயினான். அமேசானின் கணினி ஒவ்வொன்றுக்கும் 169.254.169.254 என்னும் முகவரியில் ஒரு சாளரம் உண்டு. அக்கணினிக்குரிய இடைக்காலத் திறவுகோல்களைத் தருவது அச்சாளரமே. வெளியிலிருந்து கேட்பார்க்கு அது விடை தராது; உள்ளிருந்து கேட்டால் தரும். காவலன் உள்ளிருப்பவன் அல்லனோ? அவன் கேட்டான்; சாளரம் தந்தது; அவன் அதனைக் கொண்டுவந்து வெளியாள் கையில் கொடுத்தான். அவ்வளவில் நின்றிருந்தாலும் இழப்புச் சிறிதாயிருக்கும். காவற்பொறி ஒன்றுக்குச் சரக்கறைகளைப் பட்டியலிட்டுப் பார்க்கவும் படியெடுக்கவும் உரிமை எதற்கு? அவ்வுரிமை அத்திறவுகோலுக்குத் தரப்பட்டிருந்தது. வேலி சாயவில்லை, உறை கிழியவில்லை, பூட்டு உடைபடவில்லை. எல்லாம் எழுதியபடியே நடந்தன. எழுதியதுதான் பிழை.

2020 ஆகத்தில் அமெரிக்க வங்கிக் கண்காணிப்பகம் எட்டுக் கோடித் தாலர் ஒறுப்புத் தொகை இட்டது. இட்டது வங்கிக்கு, நிலக்கிழாருக்கு அன்று. பின்னர், இழப்புற்றோர் தொடுத்த கூட்டு வழக்கை முடித்துக்கொள்ள அவ்வங்கி 19 கோடித் தாலர் தர இசைந்தது. கட்டடம், மின், கம்பி, உறையிடும் பொறி ஆகியவற்றின் காப்பு தம்முடையது. அதன்மேல் குடியிருப்போர் வைப்பனவும் எழுதுவனவும் அவர் பொறுப்பு என்பது முகில் நிறுவனங்கள் எழுதி வைத்துள்ள பங்கீடு. வழக்கு என்று வந்தபொழுது அப்பங்கீடே நின்றது. 2019 நவம்பரில், திறவுகோற் சாளரத்துக்குக் கடுமையான புதுமுறை ஒன்றை அமேசான் கொண்டு வந்தது. வெள்ளம் போனபின் கோலிய அணை அது. அப்போதும் பழைய முறையை அடியோடு மூடவில்லை. வேண்டுவோர் தாமே அடைத்துக் கொள்க என விட்டுவிட்டது.

ஆகவே, பிணையத்தை அமைப்பது ஒரு நாள் வேலை. அதனை ஆள்வது நாள்தோறும் செய்யும் வேலை. எந்தக் கணினி எதனோடு எப்பொழுது பேசியது, அப்பேச்சு விடப்பட்டதா தடுக்கப்பட்டதா என்பதனைக் குறித்து வைக்கும் ஓட்டப்பதிவு என்னும் வாய்ப்பு உண்டு. பேச்சின் உள்ளடக்கத்தை அது குறிப்பதில்லை. பேசியவர் யார் என்பதை மட்டும் குறிக்கும். களவை நான்கு திங்கள் கழித்து வெளியார் சொல்லி அறிவதா, நான்கு மணியில் தாமே அறிவதா என்பது இத்தகைய பதிவுகளைப் படிப்பார் இருக்கின்றனரா என்பதைப் பொறுத்தது. இப்பதிவு தானாகத் தொடங்குவதன்று. குடியிருப்போர் முடுக்கிவிட வேண்டும். சேர்த்து வைக்கப் பணமும் கட்டவேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்க முதலில் நிறுத்தப்படுவதும் இதுவே என்பது பேதைமை.

நெறிகளை எழுத்தில் வைப்பது இன்னொன்று. திரையில் சொடுக்கிச் சொடுக்கி அமைத்த பிணையம், அமைத்தவர் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் வேறு பணிக்குச் சென்ற அன்றே அது புரியாப் புதிராகிவிடும். 2014இல் வெளிவந்த டெர்ராபார்ம் போன்ற கருவிகள், வேலியும் வாயிலும் வழியும் இவ்விவ்வாறு அமைக என்பதைக் கோப்பாக எழுதி, அதிலிருந்தே பிணையத்தை எழுப்பித் தருகின்றன. எவர், எந்நாள், எவ்வரியை மாற்றினார் என்பது தெரியும். இன்னொருவர் படித்து ஒப்பிய பின்னரே மாற்றம் நடக்கும்படியும் செய்யலாம். இருவர் மட்டுமே வேலை செய்யும் சிறு அலுவலகத்துக்கும் இது மிகையன்று.

கூலிக் கணக்கிலும் கண் வேண்டும். வெளியிலிருந்து எவரும் நுழையாமல், உள்ளிருப்பவை மட்டும் வெளியே சென்று மென்பொருள் திருத்தங்களைப் பெற்றுவர ஒரு வழி வேண்டும். அதற்கு ‘நாட்’ என்னும் முகவரி மாற்று வாயிலை வைப்பர். அது நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டணம். அதன் வழியே செல்லும் தரவின் அளவுக்கு இன்னொரு கட்டணம். 2024 பிப்பிரவரி முதல், பொது முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரைச் செண்டு வீதம் அமேசான் வாங்குகின்றது. ஒரு முகவரிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 44 தாலர். எடுத்து வைத்து மறந்த முகவரிகள் நாற்பது இருந்தால் அது சிற்றலுவலகத்துக்குச் சிறுதொகையன்று. உள்ளே கொண்டுவரும் தரவுக்குச் சுங்கம் இல்லை; வெளியே எடுத்துச் செல்லும் தரவுக்குச் சுங்கம் உண்டு. புகும்போது பூமாலை, போகும்போது கணக்குச் சீட்டு! முற்றாக வெளியேறும் குடிகளிடம் அச்சுங்கத்தை வாங்குவதில்லை எனக் கூகுளும் அமேசானும் அறிவித்ததே 2024ஆம் ஆண்டில்தான்.

இதுகாறும் கூறியவை குடியிருப்போர் கையில் உள்ளவை. கையில் இல்லாதனவும் உண்டு. 2018 மார்ச்சில் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று, அந்நாட்டு நிறுவனங்களின் பிடியிலுள்ள தரவு எந்நாட்டு மண்ணில் வைக்கப்பட்டிருப்பினும், உரிய ஆணை காட்டினால் தந்தாக வேண்டும் என்கின்றது. கட்டடம் மும்பையிலும் சென்னையிலும் நிற்கலாம். கிழார் எந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதே இங்குக் கேள்வி. 2025 சூலையில், நயாரா என்னும் எண்ணெய் நிறுவனத்தின்மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததைத் தொடர்ந்து, இந்தியாவில் இயங்கும் அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் முதலிய பணிகளை மைக்ரோசாப்ட்டு நிறுத்தியது. பணம் கட்டிப் பெற்றவை அவை என்று கூறி நயாரா தில்லி உயர்வழக்கு மன்றம் சென்றது. சில நாள்களில் பணிகள் மீண்டன. நிறுத்தப்பட்டது பிணையம் அன்று, உண்மை. எனினும், கதவை மூடும் கை யாருடையது என்பதை அந்நிகழ்ச்சி தெளிவாய்க் காட்டிற்று. அதே ஆண்டு அக்தோபர் 20ஆம் நாள், வட வர்சீனியாவில் அமேசானின் பெரிய தரவுக்கிடங்குப் பணி ஒன்றின் முகவரி, தானியங்கிப் பிழையொன்றால் பெயர்ப் பதிவேட்டிலிருந்து மறைந்து போயிற்று. அதனை நம்பியிருந்த பற்பல பணிகள் உலகெங்கும் பல மணிநேரம் முடங்கின. தம் வேலியையும் வாயிலையும் குற்றமறக் காத்து வந்த குடிகளும் அன்று கைபிசைந்து நின்றனர்.

அங்ஙனமாயின் தம் மண்ணிலேயே முகிலை எழுப்பிக் கொள்ள இயலாதோ? இயலும். ஓப்பன்சுடாக்கு என்னும் கட்டற்ற மென்பொருள் 2010இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவும் ராக்சுபேசு என்னும் நிறுவனமும் கூடித் தொடங்கியது. தனிப்பிணையம், துணைப்பிணையம், வழிப்பட்டியல், காப்புக்குழு யாவும் அதிலும் உண்டு. மூல வரிகள் எவரும் படிக்கத் திறந்தும் உள்ளன. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் தன் கணினிப் பெரும்பணியை அதன்மேல் நடத்தி வருகின்றது. அரசுகளும் பெரிய பல்கலைக் கழகங்களும் அவ்வழியை நாடத் தயங்குவதற்குப் பொருளின்மையைவிட ஆளின்மையே கரணியம். ஆளின்மையோ, ஆக்காமையால் வந்தது. சிறு அமைப்புகளின் நிலை வேறு. பின்னறையில் குளிரூட்டி பழுதாகிக் கிடக்க, கரையான் அரித்த பலகைமேல் ஒரு வழங்கியை வைத்துவிட்டு அதற்கு விடுதலை என்று பெயரிடுவதில் பொருளில்லை. அவர்கள் இரவல் நிலத்தில் குடியிருக்கலாம். பதிவேடுகளின் ஒரு படியைத் தம் மண்ணில் தம் பூட்டுக்குள் வைத்துக்கொண்டு, நாள்தோறும் அப்படியைப் புதுப்பித்து, திங்களுக்கு ஒருமுறை அதனைத் திறந்து படித்தும் பார்த்துக்கொண்டு குடியிருக்க வேண்டும். திறந்து பாராத படி, படியன்று.

இவை யாவற்றுக்கும் முற்பட்ட ஒன்று பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. முகிலில் கணக்குத் தொடங்குவதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். அந்த முதற்கணக்குக்கு எல்லா வேலிகளையும் பிடுங்கி எறியும் ஆற்றல் உண்டு. சிறு அமைப்புகளில் அதனைத் தொடங்குபவர் கணினி அறிந்த இளைஞர் ஒருவராய் இருப்பார். அவசரத்தில் தம் மின்னஞ்சலையும் தம் கைப்பேசி எண்ணையும் கொடுத்திருப்பார். ஆண்டுகள் செல்லும், அவர் வேறூர் போவார், எண்ணும் மாறும். பின்னர் ஒருநாள் கட்டணம் தவறி எச்சரிக்கை மடல் வரும். அது அவர் திறவாத அஞ்சற்பெட்டியில் போய் விழும். அமைப்பின் தலைவர் கிழாரை அணுகி, உள்ளிருப்பதெல்லாம் எம்முடையது என்பார். ஏட்டில் உள்ள பெயர் யாருடையது என்று கிழார் கேட்பார்.